முயல் கண்ணுக்குப் பதில் மாட்டுக் கார்னியா: ஒன்பதாவது ரன்னில் நின்ற எண்கள்

திரவங்கள் கண்ணை எவ்வளவு கெடுக்கும் என்பதை முயலில் பார்ப்பதற்குப் பதில், அறுத்த மாட்டின் கண் படலமான கார்னியாவில் பார்க்கும் சோதனையை எங்கள் ஆய்வகத்தில் தொடங்கியிருக்கிறோம். நேற்று மாலை ஆறரை மணிக்கு ப்ளேட் ரீடரில் (சிறு குழிகளில் உள்ள திரவம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று படிக்கும் கருவி) வந்த எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாசிட்டிவ் கன்ட்ரோலான, அதாவது கண்ணைக் கெடுக்கும் என்று முன்பே தெரிந்த எத்தனாலுக்கு எரிச்சல் மதிப்பெண் 46.4. இதற்கு முந்தைய இரண்டு ரன்களில் (ஒரு தடவை முழுச் சோதனை ஒரு ரன்) 44.9, 48.2. நெகட்டிவ் கன்ட்ரோலாக, அதாவது ஒன்றும் செய்யாது என்று தெரிந்த ஒப்பீடாக, உப்புக்கரைசல் விட்ட மூன்று கார்னியாவும் காலையில் இருந்த தெளிவோடு அப்படியே இருந்தன. மூன்று தடவை தொடர்ந்து எண்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றுவிட்டன. இதற்கு முன்னால் ஆறு ரன் கெட்டுப்போனது. பத்து வாரம் ஆனது. எங்கெங்கே தவறு செய்தோம் என்பது மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன், இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

சோதனை எதற்கு என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரை துடைக்கும் திரவம், ஷாம்பூ, பாத்திரம் கழுவும் திரவம் போன்றவை தவறிக் கண்ணில் பட்டால் எவ்வளவு கெடுதல் என்று பார்க்க வேண்டும். பழைய முறை முயல். 1944-ல் ஜான் டிரெய்ஸ் முறைப்படுத்தியது, அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. நான் வேலையில் சேர்ந்த முதல் இரண்டு வருடம் முயல் அறையில்தான் இருந்தேன். கீழிமையை மெதுவாக இழுத்து, அந்தச் சிறு பைக்குள் 0.1 மி.லி. திரவத்தை விட்டு, இமையை ஒரு நொடி மூடிப் பிடிக்க வேண்டும். மறு கண் ஒப்பீட்டுக்கு. 24, 48, 72 மணி நேரத்தில் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஆறாவிட்டால் 21 நாள் வரை பார்க்க வேண்டும். முயல் சத்தமே போடாது. காதை முதுகோடு ஒட்ட மடக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும், அதன் நெஞ்சு அடிப்பது மட்டும் நம் உள்ளங்கையில் தெரியும். அந்தத் துடிப்பு எனக்கு இன்றும் மறக்கவில்லை. இந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

மாற்று முறையில் உயிருள்ள விலங்கு கிடையாது. உணவுக்காக அறுக்கப்படும் மாட்டின் கண் எப்படியும் குப்பைக்குப் போவது. அதை வாங்கி, முன்பக்கத்துக் கண்ணாடிப் படலமான கார்னியாவை வெட்டி எடுத்து, இரண்டு அறை கொண்ட ஒரு ஹோல்டருக்குள் பொருத்துகிறோம். முன் அறையில் சோதனைத் திரவம். பிறகு இரண்டு கேள்வி: கார்னியா எவ்வளவு மங்கியது? அதன் வழியே ஃப்ளூரசீன் சாயம் எவ்வளவு கசிந்தது? மங்கல் எண்ணோடு சாயக் கசிவைப் பதினைந்தால் பெருக்கிக் கூட்டினால் வருவது எரிச்சல் மதிப்பெண். 55-க்கு மேல் போனால் கண்ணுக்குக் கடுமையான சேதம் விளைவிக்கும் பொருள். 3 அல்லது அதற்குக் கீழே என்றால் வகைப்படுத்தத் தேவையில்லாதது. பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2009-ல் 437-ம் எண் வழிகாட்டியாக இதை ஏற்றுக்கொண்டது, பிறகு பல தடவை திருத்தியும் இருக்கிறது. வழிகாட்டியில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனாலும் ஒரு வரியாகப் படித்துத் தாண்டிப்போன இடங்களில்தான் எங்கள் பத்து வாரமும் போனது.

முதல் ரன்னுக்கு 24 கண் கேட்டிருந்தோம். ஒரு பொருளுக்கு மூன்று கார்னியா, இரண்டு கன்ட்ரோலுக்கு மும்மூன்று, ஆக ஒன்பதே போதும். கழிவு போக மிஞ்சும் என்று கூடுதலாகக் கேட்டோம். பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பாதி உருகி, அந்தத் தண்ணீரிலேயே கண்கள் மிதந்துகொண்டிருந்தன. எல்லாக் கார்னியாவும் லேசான நீல வெள்ளையில், பாலாடை படிந்த மாதிரி. வெறும் தண்ணீரில் கிடந்தால் கார்னியா நீரை உறிஞ்சி ஊதிவிடும், ஊதினால் மங்கும். ஐஸ் கட்டியை நேராகத் தொட்டுக்கொண்டிருந்த கண்களில் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பே இருந்தது. இருபத்து நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை.

சரிசெய்தது எளிது. அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் ஜாடிகளில் ஹேங்க்ஸ் உப்புக்கரைசல், மி.லி.க்கு 100 யூனிட் பெனிசிலின், 100 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டோமைசின். கண் முழுசாக மூழ்க வேண்டும். ஜாடியை மூடி, அதை ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும், ஐஸ் ஜாடிக்கு வெளியே மட்டும். ஒரு ஜாடிக்கு நான்கு கண்ணுக்கு மேல் போடுவதில்லை. அதிகம் போட்டால் வண்டி குலுங்கும்போது ஒன்றோடொன்று உரசும்.

இரண்டாவது ரன்னில் கண்கள் தெளிவாகத்தான் வந்தன. ஆனால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தபோது, பல கண்களில் குறுக்கே ஒரு மெல்லிய மங்கல் பட்டை. இமை பாதி திறந்தபடி உலர்ந்த இடம் அது. இன்னும் சிலவற்றில் மேல்தோல் ஊசியால் கீறின மாதிரி. 24-ல் ஏழுதான் தேறியது, ஒன்பது வேண்டும். நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்து, அதிகாலை நான்கரைக்கு இறைச்சிக்கூடத்தில் போய் நின்றேன். கண் எடுத்துத் தருபவரிடம், "அண்ணே, நீங்க எந்தக் கட்டத்துல கண்ணை எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். "தலையைக் கழுவி மாட்டினப்புறம்தான் என் கைக்கு வருது" என்றார். கழுவுவதைப் பார்த்தேன். அழுத்தக் குழாயில் நீர், அதோடு துப்புரவுத் திரவம். எந்த மாதிரித் திரவம் கண்ணை என்ன செய்யும் என்று கண்டுபிடிக்கத்தான் நாங்கள் இந்தச் சோதனையே செய்கிறோம். எங்கள் கண்கள் எங்கள் கைக்கு வரும் முன்பே அதில் குளித்திருந்தன.

அன்றே பேசி ஏற்பாட்டை மாற்றிக்கொண்டோம். கழுவும் இடத்துக்கு முன்பே கண்ணை எடுத்துவிட வேண்டும், எடுத்த கையோடு ஜாடியில் போட வேண்டும். அவருக்கு அது கூடுதல் நடை, கூடுதல் வேலை. அதற்கான கூலியைத் தனியாகத் தருகிறோம். முயலுக்குப் பதில் என்று சொன்னதும் அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். மாட்டின் வயதையும் இப்போது அவரே கேட்டுக் குறித்துத் தருகிறார். ஒரு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்டது வேண்டும். கிழட்டு மாட்டின் கார்னியா தடிமனும் அகலமும் கூடியது. குறுக்களவு 30.5 மி.மீ.க்கு மேல் என்றால் எடுத்துக்கொள்வதில்லை. வெர்னியர் வைத்து ஒவ்வொன்றையும் அளக்கிறோம். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு 16 கண் வாங்கினால் 12 அல்லது 13 தேறுகிறது. மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்த மாற்றம் இதுதான், இதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

மூன்றாவது ரன் வெட்டுவதில் கெட்டது. நான் கற்றுக்கொண்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் படிப்பதால் இது வராது, கைதான் பழக வேண்டும். கண்ணை ஈரத் துணியில் வைத்து, கார்னியா மேலே பார்க்க இடது கையால் பிடிக்க வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் கார்னியா முன்னே புடைத்து உள்தோலில் மடிப்பு விழும். கார்னியாவின் ஓரத்திலிருந்து 2 முதல் 3 மி.மீ. தள்ளி, வெள்ளை விழியில் ஸ்கால்பெல்லால் ஒரு சிறு துளை. உள்ளிருக்கும் திரவம் கொஞ்சம் வெளியே வந்து கண் தளரும். அந்தத் துளைக்குள் வளைந்த கத்தரியின் கீழ் அலகை நுழைத்து, வெள்ளை ஓரத்தோடு வட்டமாக வெட்டிக்கொண்டே வர வேண்டும். மூன்றாவது ரன்னில் நான் ஓரம் விடாமல் ஒட்ட வெட்டிவிட்டேன். ஹோல்டரில் இடுக்கிப் பிடிக்க விளிம்பே இல்லை. ஐந்து கார்னியா ரப்பர் வளையத்திலிருந்து நழுவியது.

வெட்டியதும் கார்னியா தொப்பி மாதிரி தனியாக வரும். அடியில் கருப்பாக ஐரிஸ் ஒட்டியிருக்கும். ஓரத்தை இடுக்கியால் பிடித்து ஐரிஸை இன்னொரு இடுக்கியால் உரித்தால் ஈரக் காகிதம் பிரிவது போல வந்துவிடும். நடுப்பகுதியை இடுக்கி தொடவே கூடாது. தொட்ட இடம் அப்போது தெரியாது. மாலையில் சாயம் விட்டதும் இடுக்கியின் இரண்டு பல்லும் இரண்டு பச்சைப் புள்ளியாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது.

ஹோல்டரில் உள்தோல் பக்கம் பின் அறையின் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) பார்க்க உட்கார வேண்டும். முன் அறையை மேலே வைத்து மூன்று ஸ்க்ரூ. ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கார்னியா ஒரு பக்கம் சுருங்கும். அரைச் சுற்று, அரைச் சுற்றாக மூன்றையும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். மீடியம், அதாவது திசுவை உயிர்ப்போடு வைக்கும் சத்துக் கரைசல், ஊற்றுவதிலும் வரிசை உண்டு: முதலில் பின் அறை, நிரம்பி வழிகிற அளவுக்கு, அப்போதுதான் கார்னியா தன் இயல்பான வளைவில் நிற்கும். அதன் பிறகுதான் முன் அறை. அறைக்கு 5 மி.லி. நான் முன் அறையை முதலில் நிரப்பினேன், கார்னியா பின்னால் குழிந்து, கிண்ணம் போல ஆகி, நட்சத்திர வடிவத்தில் மடிப்பு விழுந்தது. மறுபடி சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

மீடியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பார்த்த பழைய செய்முறை ஒன்றில் ஈகிள்ஸ் மீடியத்தோடு 1 சதவீதம் கன்றுக் கருச் சீரம் சேர்க்கச் சொல்லியிருந்தது. அந்தச் சீரம் சினைமாட்டை அறுக்கும்போது கருவிலிருந்து எடுக்கும் ரத்தத்திலிருந்து வருவது. முயலைக் காப்பாற்ற எடுத்த வேலையில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. சீரத்தோடு மூன்று, இல்லாமல் மூன்று என்று ஆறு கார்னியாவை உப்புக்கரைசலில் மட்டும் நாள் முழுக்க வைத்துப் பார்த்தோம். மங்கலிலும் கசிவிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அதோடு சீரத்தை விட்டுவிட்டோம். ஓஇசிடி வழிகாட்டியும் அதைக் கட்டாயமாக்கவில்லை.

நான்காவது ரன்னுக்குப் பெரிய செலவு. ஹோல்டர்களை லேத் பட்டறையில் அக்ரிலிக்கில் கடைந்து வாங்கியிருந்தோம். கண்ணாடி போல இருந்தால் உள்ளே குமிழி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்பது என் யோசனை. முதல் மூன்று ரன்னிலும் எத்தனால் வரை போகவே இல்லை, அதனால் தெரியவில்லை. நான்காவதில் 750 மைக்ரோலிட்டர் எத்தனாலை முன் அறையில் விட்டுப் பத்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் ஸ்க்ரூ துளையைச் சுற்றி மயிரிழை போல வெடிப்புகள் கிளம்பின. கழுவி முடிப்பதற்குள் ஒரு ஹோல்டர் விளிம்பில் கசியத் தொடங்கியது. இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் எத்தனால் பட்டால் வெடிப்பு விடும். அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டில் மூன்று ஹோல்டர் போனது. மற்றவற்றையும் நம்ப முடியாது.

பாலிப்ரொப்பிலீனில் மறுபடி செய்தோம். ஜன்னல் மட்டும் கண்ணாடி. பாலிப்ரொப்பிலீனைக் கடைவது பட்டறைக்காரருக்குச் சிரமம், பிசிறு அதிகம் வரும், ஓ-ரிங் பள்ளத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் கசியும். ஒவ்வொன்றையும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, பிளேடால் சுரண்டி, சாய நீர் ஊற்றி இரவு முழுக்கக் காகிதத்தின் மேல் வைத்துக் கசிவு பார்த்தோம். இந்தத் திட்டத்தில் கண்களுக்கான செலவும் மீடியத்துக்கான செலவும் மிகக் குறைவு. மொத்தத்தில் பாதிக்கு மேல் விழுங்கியது ஹோல்டர்தான், அதிலும் இரண்டு தடவை செய்ததால். முதலிலேயே பாலிப்ரொப்பிலீன் என்று போயிருந்தால் செலவு ஏறக்குறைய பாதியாகியிருக்கும்.

ஐந்தாவது ரன்னில்தான் எண்கள் கிடைக்கத் தொடங்கின. எல்லாமே குறைவாக வந்தது. எத்தனால் 33.

இங்கே ஒளிப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்கலை அளக்க விற்கும் கருவி எங்களுக்கு எட்டவில்லை, நாங்களே ஒன்று கட்டினோம்: நிலையான மின்னோட்டம் தரும் எல்ஈடி, ஒரு லென்ஸ், நடுவில் ஹோல்டர் உட்காரும் இருக்கை, மறுமுனையில் லக்ஸ் மீட்டரின் உணரி. கார்னியா இல்லாமல் மீடியம் மட்டும் நிரப்பிய ஹோல்டரில் 940 லக்ஸ். கார்னியாவோடு வரும் அளவால் இந்த 940-ஐ வகுத்து, அதிலிருந்து 0.9894 கழித்து, 0.0251-ஆல் வகுத்தால் மங்கல் எண். நல்ல கார்னியா 850 லக்ஸ் காட்டினால் மங்கல் 4.6. தொடக்கத்திலேயே 7-க்கு மேல் இருப்பதைத் தள்ளிவிட வேண்டும். எங்கள் பெட்டியில் அது 807 லக்ஸ். "807-க்குக் கீழே வேண்டாம்" என்று பெட்டி மேலேயே ஒட்டிவைத்திருக்கிறோம், கணக்குப் போடும் நேரம் மிச்சம்.

சரிபார்க்கும் பாலியெஸ்டர் ஷீட்டுகள் ஐந்தாவது ரன்னுக்குப் பிறகுதான் கைக்கு வந்தன. அவை வரும்வரை காத்திருக்காதது என் தவறு. 75, 150, 225 காட்ட வேண்டிய ஷீட்டுகள் எங்கள் பெட்டியில் 72, 140, 205 காட்டின. மங்கல் கூடக்கூடப் பிசகும் கூடுகிறது. இப்படி வந்தால் தவறான வழியில் வெளிச்சம் உணரியைத் தொடுகிறது என்று அர்த்தம். ஒளித்துளையைக் கருப்பு அட்டையால் முழுக்க அடைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். சுழி இருக்க வேண்டிய இடத்தில் 14 லக்ஸ். அறை விளக்கை அணைத்தும் 14. ஆகவே கசிவு பெட்டிக்குள்ளேயே: எல்ஈடியின் பக்கவாட்டு ஒளி உள்சுவரில் பட்டு, ஹோல்டரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே கருப்பு வெல்வெட் ஒட்டி, ஹோல்டருக்கு முன்னும் பின்னும் துளையிட்ட கருப்புத் தகடு வைத்த பிறகு அடைத்த நிலையில் 1 லக்ஸ். ஷீட்டுகள் 75, 149, 223. அந்தப் பதினான்கு லக்ஸ் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் கார்னியா எவ்வளவு அதிகம் மங்குகிறதோ அவ்வளவுக்கு அதைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. கடுமையான பொருளை லேசானதென்று சொல்லிவிடும் பிசகு இது. இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

எல்ஈடியையும் போட்ட உடனே நம்பக் கூடாது. முதல் பதினைந்து நிமிடத்தில் எங்களுடையது 940-ல் நிலைப்பதற்கு முன் 952-லிருந்து இறங்கியது. இப்போது கார்னியா வெட்டத் தொடங்கும்போதே விளக்கைப் போட்டுவிடுகிறோம்.

ஆனாலும் ஒளிப்பெட்டியின் பிசகு மட்டும் இவ்வளவு குறைவைத் தராது. சாயக் கசிவு எண்ணும் குறைவாகவே இருந்தது. கூட வேலை பார்க்கும் தங்கைதான் கண்டுபிடித்தாள். "அக்கா, நீங்க குழிக்கு 200 விடுறீங்க. இதுல 360-னு போட்டிருக்கு" என்று வழிகாட்டியைக் காட்டினாள். 96 குழி ப்ளேட்டில் ஒளி மேலிருந்து கீழாகப் போகிறது. திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதுதான் பாதையின் நீளம். 360 மைக்ரோலிட்டர் விட்டால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். 200 விட்டால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதே சாம்பிளை 360 விட்டு மறுபடி படித்தபோது 0.79 இருந்தது 1.42 ஆனது. பதினைந்தால் பெருக்கும்போது இந்த வித்தியாசம் மட்டும் ஒன்பதரைப் புள்ளி. வழக்கமாக மற்ற சோதனைகளில் 200 விட்டுப் பழகின கை, யோசிக்காமல் அதையே செய்திருக்கிறது.

ஆறாவது ரன் ஏமாற்றமாக இருந்தது. எண்கள் சரியான அளவில் வந்தன, ஆனால் ஒரே எத்தனால் விட்ட மூன்று கார்னியாவுக்குள் சாயக் கசிவு ஒன்றுக்கொன்று வெகுதூரம். தெர்மாமீட்டரை ஹோல்டருக்கு உள்ளேயே, மீடியத்தில் முக்கி வைத்துப் பார்த்தோம். ஹோல்டர்களை வைக்கும் சூட்டுப் பெட்டியான இன்குபேட்டர் 32 டிகிரி என்று காட்டும்போது மேல் தட்டில் 32.9, கதவோரக் கீழ்த் தட்டில் 30.6. அனுமதி 32-க்கு மேலும் கீழும் ஒரு டிகிரிதான். இப்போது நடுத் தட்டை மட்டும் பயன்படுத்துகிறோம், மீடியத்தை 32 டிகிரியில் சூடாக்கிய பிறகே ஊற்றுகிறோம், கதவைத் திறக்கும் எண்ணிக்கையைக் குறித்து வைக்கிறோம். ஒரு நேரத்தில் பன்னிரண்டு ஹோல்டருக்கு மேல் வைக்க முடியவில்லை, அதனால் ஒரு நாளைக்கு இரண்டு பொருள்தான்.

ஏழு, எட்டு, ஒன்பது. இப்போது ஒரு ரன் நாள் இப்படிப் போகிறது. ஐந்து மணிக்குக் கண்கள் கிளம்பும், ஏழுக்குள் மேசைக்கு வரும். வெட்டிப் பொருத்த ஒன்றரை மணி நேரம், இரண்டு பேர். 32 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓய்வு, மீடியம் மாற்றி முதல் அளவு. திரவத்தை 750 மைக்ரோலிட்டர் விட்டுப் பத்து நிமிடம். ஃபீனால் ரெட் உள்ள மீடியத்தால் குறைந்தது மூன்று தடவை கழுவல், அமிலமோ காரமோ மிச்சம் இருந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். கடைசியாக நிறமில்லாத மீடியம். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி மங்கல் அளவு. பிறகு முன் அறையில் மி.லி.க்கு 4 மி.கி. ஃப்ளூரசீன், ஒரு மி.லி., ஹோல்டரைப் படுக்க வைத்துத் தொண்ணூறு நிமிடம். பின் அறை மீடியத்தை எடுத்து 490 நானோமீட்டரில் படிப்பு.

கெட்டியான திரவங்களுக்கு ஒரு வேலை கூடுதல். பாத்திரம் கழுவும் ஜெல்லைச் சிறு துளை வழியே விட்டால் குமிழியோடு ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறது, கழுவினாலும் போவதில்லை. முன் ஜன்னலின் வளையத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, கார்னியாவின் மேல் நேராக விட வேண்டும். கழுவும்போது பிப்பெட் முனை மேல்தோலில் படாமல் பக்கச் சுவரில் சாய்த்து ஊற்ற வேண்டும். எட்டாவது ரன்னில் ஒரு நெகட்டிவ் கன்ட்ரோல் சாயக் கசிவு 0.3 காட்டியது, மற்ற இரண்டும் 0.01-ஐ ஒட்டி. ஹோல்டரைத் திறந்து பார்த்தால் பிப்பெட் முனை உரசின இடத்தில் அரை மி.மீ. அகலத்தில் பச்சைக் கோடு. என் கை.

முதல் நல்ல முடிவுகளில் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது ஒரு ஷாம்பூ. சர்ஃபாக்டன்ட் (நுரைத்து எண்ணெயை அகற்றும் பொருள்) கலவை அது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் கார்னியா கண்ணாடி போலத் தெளிவு, மங்கல் 2.8 மட்டும். கண்ணால் பார்த்திருந்தால் ஒன்றும் ஆகவில்லை என்றே எழுதியிருப்பேன். சாயம் விட்டுத் தொண்ணூறு நிமிடம் கழித்துப் பின் அறை மீடியத்தை டியூபில் எடுத்தேன், பளீரென்று மஞ்சள் பச்சை. வாசிப்பு 1.9. பதினைந்தால் பெருக்கினால் 28.5, மதிப்பெண் 31.3. மேல்தோலின் செல்கள் கரைந்து, அடியிலுள்ள அடுக்கு தெளிவாகவே நின்றிருக்கிறது. சாயக் கசிவைத் தனியாக அளந்து பதினைந்தால் ஏன் பெருக்குகிறார்கள் என்பது அந்த ஒரு டியூபைக் கையில் பிடித்தபோது புரிந்தது.

இந்த மூன்று ரன்னில் ஆறு பொருள் போட்டோம். இரண்டு 55-க்கு மேல், ஒன்று 3-க்குக் கீழ், மூன்று நடுவில். நடுவில் விழுவதைப் பற்றி இந்தச் சோதனை தனியாக முடிவு சொல்லாது, அதை மறைக்கக் கூடாது. ஆல்கஹால், கீட்டோன் வகைகளை இது உள்ளதைவிடக் கடுமையாகக் காட்டும் பழக்கமும் உண்டு. திடப்பொருள்களில் சிலவற்றைத் தவறவிடும். அந்த மூன்றையும் முயலுக்கு அனுப்பவில்லை. மனிதச் செல்களை வளர்த்துக் கட்டிய கார்னியா மேல்தோல் மாதிரியில் பார்க்கும் சோதனைக்கு, ஓஇசிடியின் 492-ம் எண் வழிகாட்டிப்படி செய்யும் இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பழைய முறையில் ஒரு பொருளுக்கு அதிகபட்சம் மூன்று முயல் என்று வைத்தால், ஆறு பொருளுக்குப் பதினெட்டு. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் கையில் பிடிக்கவில்லை.

மறுபடி தொடங்குவதாக இருந்தால், முதல் வாரத்தில் ஆய்வகத்துக்குள் எதுவும் செய்ய மாட்டேன். இறைச்சிக்கூடத்தில் போய் நிற்பேன். இரண்டாவது வாரம் ஒளிப்பெட்டியை ஷீட்டுகளோடு சரிபார்த்து முடிப்பேன். ஹோல்டருக்கு எண் பொறிப்பேன். இப்போது மார்க்கரில் எழுதுகிறோம், எத்தனால் அதை அழித்துவிடுகிறது. வெட்டும் பழக்கத்துக்குத் தேறாத கண்களைத் தனியாக எடுத்து வைத்து, இருபதாவது வெட்டுவதற்கு முன் ரன் தொடங்க மாட்டேன். முதல் இரண்டு ரன்னில் தூக்கிப் போட்ட நாற்பத்தொரு கண்ணையும் பழகுவதற்குப் பயன்படுத்தியிருக்கலாம்.

ரன் முடிந்த கார்னியாக்களை இனிமேல் வீசுவதாக இல்லை. ஒவ்வொன்றையும் ஃபார்மலினில் போட்டு எண்ணிட்ட புட்டியில் வைக்கிறோம், நடுவில் விழும் பொருள்களுக்குச் சேதம் எந்த அடுக்குவரை போயிருக்கிறது என்று வெட்டிப் பார்க்க. ஒன்பதாவது ரன்னின் பன்னிரண்டும் தட்டில் இருக்கின்றன. அடுத்தது திடப்பொருள். 20 சதவீதம் இமிடசோல் பாசிட்டிவ் கன்ட்ரோல், சாயம் 5 மி.கி., பொருள் நான்கு மணி நேரம் கார்னியாவின் மேல் இருக்க வேண்டும். ஏழு மணிக்குக் கண் வந்தால் கடைசி வாசிப்பு இன்னும் தாமதமாகிவிடும், அதனால் அண்ணனிடம் நாலரைக்கே எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை முயற்சி செய்து பார்க்கலாம் என்றிருக்கிறார்.